வர்ஜீனியா மன்றம் 1624-க்குப் பின் எந்த உரிமையில் கூடியது?

குழுவினருக்கு வணக்கம். 1607-இல் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவியவர்களை ஆளவேண்டிய எழுவரின் பெயர்கள் முத்திரையிட்ட பெட்டியொன்றில் கப்பலோடு வந்து, கரை சேர்ந்தபின்பே திறக்கப்பட்டன; அவர்களுள் ஒருவரான ஜான் ஸ்மித் அதுவரை காவலில் இருந்தார் என்பது வேடிக்கை. பின்னர் ஆட்சியுரிமை இலண்டன் வர்ஜீனியா கம்பெனியிடம் சென்றது. அதன் அனுமதியோடு, 11 குடியிருப்புகளிலிருந்து தலா இருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 22 பிரதிநிதிகளும் ஆளுநரும் அவரது ஆலோசகர்களும் 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடினர்; இதுவே வர்ஜீனியா மன்றத்தின் முதல் கூட்டம்.

என் ஐயம் இதுதான்: 1624-இல் கம்பெனியின் சாசனம் ரத்தாகி, குடியேற்றம் மன்னரின் நேரடி ஆட்சிக்குள் வந்தபின், 1639-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் வெளிப்படையாக ஒப்புதல் அளிக்கும்வரை, அம்மன்றம் எந்தச் சட்ட அடிப்படையில் கூடி வந்தது? வெறும் வழக்கமே போதுமானதாக இருந்ததா? வரி விதிப்பு தொடர்பான அக்காலத் தீர்மானங்களைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.