புதுப்பிப்பு: சேலத்துப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது

பத்தாம் வகுப்பு முடித்த நான், ஏற்காட்டிலிருந்து தினமும் சேலத்துக்கு இறங்கிப் படிக்க முடியுமா, உயிரியல்-கணிதப் பிரிவு எனக்குச் சரிவருமா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். பயணத்திலேயே களைத்துவிடுவாய் என்று சிலரும், நல்ல ஆய்வகம் உள்ள பள்ளியை விட்டுவிடாதே என்று பலரும் எழுதியிருந்தீர்கள். அரசுப் பள்ளியில் அதே பிரிவில் இடம் கிடைத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.

சென்ற வாரம் அப்பாவுடன் முதல் பேருந்தில் ஒத்திகை போலச் சென்று வந்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து அடிவாரம் வந்தபோது, மலைக் குளிருக்காகப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைக்க வேண்டியிருந்தது. நான் பயந்த தலைசுற்றல், முன்பக்க இருக்கை கிடைத்ததாலோ என்னவோ, வரவே இல்லை. பஸ் பாஸ் இலவசம் என்பதால் செலவுக் கவலையும் இல்லை.

நான் மிகவும் எதிர்பார்த்திருப்பது ஆய்வகத்தைத்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண்கள் என்று ஆசிரியை விளக்கினார். எங்கள் காப்பிச் செடிகளில், துரு நோய் தாக்கிய இலைகளின் அடிப்பக்கத்தில் படியும் ஆரஞ்சு நிறப் பொடியை நுண்ணோக்கியில் பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கொண்டு வாம்மா, பார்ப்போம்" என்றார். பள்ளி திறக்கும் நாளுக்காக இரண்டு இலைகளைப் பழைய நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.