பாலையூற்று வீட்டு ஆக்கள் (திருகோணமலைக் குடும்பம் ஒன்றின் வாட்ஸ்அப் குழு)

5 ஒக்டோபர் 2025, ஞாயிறு இரவு

தர்சி: எல்லாருக்கும் ஒரு விசயம். நான் வாற சனி இரவு துபாய் போறன். ஜைடெக்ஸ் எண்ட தொழில்நுட்பக் கண்காட்சிக்கு. 13இல இருந்து 17 மட்டும். விசா நேத்துத்தான் வந்தது. தீபாவளிக்கு முதல் வந்திடுவன்

கீர்த்தி: துபாயாஆஆ

சுகி அக்கா: இவ்வளவு நாளும் வாயே திறக்கேல்ல

தர்சி: விசா வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன் அக்கா

பெரியம்மா: 13 எண்டா அப்பான்ர திவசம் எல்லோ

அம்மா: அது 14 எல்லே அக்கா

பெரியம்மா: தேய்பிறை அட்டமி வசந்தி. 13 மத்தியானம் தொடங்கி 14 காலமை முடியுது. எந்த நாள் எண்டு ஐயரிட்டத்தான் கேக்கோணும். ரெண்டு நாளும் பிள்ளை இல்ல பாருங்கோ

தர்சி: பெரியம்மா அந்தத் திகதி நான் வைக்கேல்லயே

ரூபன் அண்ணா: தங்கச்சி நல்ல சந்தோசம். நான் துபாயில இருக்கேக்க எங்கட கொம்பனி அதில ஸ்டோல் போடும், நான் ஸ்டோலுக்குள்ள நிண்டு கதைச்ச ஆள், அதால வாற சனத்தில ஆர் காரியத்தோட வருகினம் ஆர் பை நிறைய நோட்டீஸ் வாங்கிக்கொண்டு கால் நோகப் போகினம் எண்டு கிட்ட நிண்டு பாத்திருக்கிறன். முதல் இதைக் கேள். 2024 இல 6500க்கு மேல நிறுவனம், 2 லட்சம் சனம் எண்டு நடத்திறவையே சொன்னவை. ஒரு ஸ்டோலுக்கு ஒரே ஒரு நிமிசம் வைச்சாலும் 108 மணித்தியாலம் வேணும். உனக்கு அஞ்சு நாள், நாளுக்கு ஏழு மணித்தியாலம் பிடிச்சாலும் 35தான். அதால எல்லாத்தையும் பாக்கிறது எண்ட நினைப்பை இண்டைக்கே விட்டிடு. நீ என்னத்துக்குப் போறாய் எண்டு ஒரு வரி எழுது. இந்தக் குழுவிலயே எழுது. இவைக்கு விளங்கினா அங்க நிக்கிறவைக்கும் விளங்கும்

சின்னம்மா மட்டக்களப்பு: இனிய இரவு வணக்கம் 🌹🌹

தர்சி: சரி அண்ணா. ஒருநாள் படகுக்கு, போன் சிக்னல் இல்லாத தூரத்திலயும் படகு எங்க நிக்குதெண்டு கரைக்குக் காட்டுற, உப்புத் தண்ணி தாங்கிற, எங்கட ஆக்கள் வாங்கக்கூடிய விலையில ஒரு பெட்டி. அதைச் செய்து தாறவையைத் தேடிப் போறன்

குமார் சித்தப்பா: விளங்குது

பெரியம்மா: பெட்டி வாங்கவோ துபாய் போறது

குமார் சித்தப்பா: மச்சாள் பலநாள் போட்டுகளுக்கு விஎம்எஸ் எண்டு, போட் எங்க நிக்குதெண்டு காட்டுற கருவி பூட்டி இருக்கு. எங்கட சின்னப் போட்டுகளுக்கு ஒண்டும் இல்ல. போன வாடைக்க புடவைக்கட்டுப் பக்கம் எஞ்சின் நிண்டு பொடியள் ரெண்டு இரவு மிதந்தது மறந்திட்டுதோ. கரையில நிண்ட எங்களுக்கு எந்தப் பக்கம் தேடுறது எண்டே தெரியேல்ல

அம்மா: அதைச் சொல்லாதேங்கோ

சுகி அக்கா: தர்சி பாதாம் பிஸ்தா எல்லாம் அங்க மலிவு. நான் லிஸ்ட் தாறன். தங்கம் என்ன விலையாம்

கீர்த்தி: எனக்கு ஹெட்போன்

தர்சி: சுகி அக்கா காசு இந்தப் பெட்டி வேலையில இருக்கிற நாங்கள் மூண்டு பேரும் சேத்துப் போட்டது. சாமானுக்கு ஒண்டும் இல்ல

ரூபன் அண்ணா: லிஸ்ட் பேந்து. தங்கச்சி நீ எழுதின வரி நல்லாயிருக்கு, அதை இங்கிலிசில போட்டு நாளைக்கே பாவி, நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவுதானே. அவையின்ர அப்பில கண்காட்சிக்கு வாறவையின்ர பெயர் எல்லாம் இருக்கும், ட்ராக்கர், ஐஓடி, மரைன் எண்டு அடிச்சுத் தேடு, ஒரு பதினைஞ்சு கொம்பனியை மட்டும் எடு, கூடினாக் கழி. பிறகு ஒவ்வொண்டுக்கும் லிங்க்ட்இனில போய் விற்பனை மனேஜரை விட்டிட்டுப் பொருளைச் செய்யிற ஆளைத் தேடி அந்த ஒரு வரியை அனுப்பி, செவ்வாயோ புதனோ காலமை இருபது நிமிசம் தருவியளோ எண்டு கேள். பதினைஞ்சில அஞ்சு பேர் பதில் போட்டாலே உன்ர பயணம் பாதி வெற்றி. கண்காட்சி தொடங்கினாப் பிறகு ஒருத்தரும் மெசேஜ் பாக்கமாட்டினம், இந்தக் கிழமைதான் பாப்பினம்

சுகி அக்கா: *முன்னனுப்பியது* அவசரம்!! இலங்கையருக்குத் துபாய் விசா இண்டு முதல் நிறுத்தம். அனைவருக்கும் பகிரவும்

அம்மா: ஐயோ

தர்சி: அம்மா என்ர விசா நேத்து வந்திட்டுது எண்டு இப்பதானே சொன்னன்

ரூபன் அண்ணா: சுகி இப்பிடியானதை எங்க எடுத்தது எண்டு பாத்துப் போடுங்கோ

சுகி அக்கா: எனக்கு வந்ததைப் போட்டன்

பெரியம்மா: எங்க நிக்கப் போறாய்? பொம்பிளைப் பிள்ளை தனிய

தர்சி: டெய்ராவில ஒரு அறை பாத்திருக்கு. எங்களைப்போல ஒருத்தியோட பாதிப் பாதி

ராசன் மாமா சார்ஜா: ஏன் அறை. மாமான்ர வீடு இருக்கு

அம்மா: ஓம் அண்ணா

பெரியம்மா: இப்ப வீடு இருக்கு

*பெரியம்மா ஒரு மெசேஜை அழித்துவிட்டார்*

கீர்த்தி: நான் வாசிச்சிட்டன்

அம்மா: கீர்த்தி போய்ப் படு

ராசன் மாமா சார்ஜா: நானும் வாசிச்சனான் அக்கா. நிலாவெளிக் காணிக் கதையை இதுக்குள்ள கொண்டு வராதேங்கோ. பிள்ளை வந்தா நல்லாச் சாப்பிட்டுப் படுக்கும், அவ்வளவுதான்

ரூபன் அண்ணா: மாமா நீங்கள் சொல்லுறது சரி, ஆனா சார்ஜாவில இருந்து காலமையில துபாய்க்குள்ள காரில வாறது பெரிய பாடு, நீங்களே தினம் படுறியள். உங்கட வீடு அல் நஹ்தாப் பக்கம் எண்டபடியா ஒரு வழி இருக்கு. எல்லை தாண்டித் துபாய்ப் பக்கத்து அல் நஹ்தா மெட்ரோ ஸ்டேசனில விட்டா பச்சை லைனில யூனியன், அதில மாறிச் சிவப்பு லைனில வேர்ல்ட் ட்ரேட் சென்டர், இறங்கினா மண்டப வாசல். தங்கச்சி நோல் காட் எடு, அதுதான் மெட்ரோவுக்கு டிக்கெட், பொம்பிளையளுக்கெண்டு தனிப் பெட்டி இருக்கு அதில ஏறு. ரெயினுக்க சுவிங்கமும் சப்பாத, 100 திர்ஹம் குற்றக்காசு

ராசன் மாமா சார்ஜா: நான் விடுவன். ஆறு மணிக்கு எழும்புறன்தானே

தர்சி: மாமா யோசிச்சுச் சொல்லுறன். அறைக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு

பெரியம்மா: அட்வான்ஸ் போனாப் பரவாயில்லை. சொந்தத்தில நில்

கீர்த்தி: 😳

அம்மா: அக்கா சொல்லுறது சரிதான்

சின்னம்மா மட்டக்களப்பு: ஆர் துபாய் போகினம்?

ரூபன் அண்ணா: இப்ப அங்க போய் என்ன செய்யிறது எண்டு சொல்லுறன். திங்கள் தொடக்க நாள், பெரிய ஆக்கள் பரிவாரத்தோட வருவினம், வழி மறிப்பாங்கள், கோணேசர் தேருக்குள்ள அம்பிட்ட மாதிரி நிக்கோணும், அண்டைக்கு ஒருத்தரோடயும் முக்கியமான பேச்சு வையாத, எந்த மண்டபம் எங்க எண்டு பாத்து உன்ர பதினைஞ்சும் இருக்கிற இடத்தைப் படத்தில குறி. வேலை செய்யிற நாள் செவ்வாய் புதன் வியாழன். மேடைப் பேச்சுக்கு ஓடாத, பெரிய ஆக்களின்ர பேச்சு கனக்கப் பேந்து யூடியூப்பில கிடைக்கும், நேருக்கு நேர நிண்டு கேக்கிற கேள்வி யூடியூப்பில கிடைக்காது. பெரிய பேர் போன கொம்பனியளின்ர ஸ்டோல் வீடு மாதிரிக் கட்டியிருக்கும், முன்னுக்கு நிக்கிறது அந்தக் கிழமைக்கு மட்டும் வேலைக்கு எடுத்த பிள்ளையள், உன்ர பாட்ஜை ஸ்கான் பண்ணிப்போட்டுச் சிரிப்பினம், அதோட சரி. அதுக்கெண்டு தனி ஈமெயில் ஒண்டு குடு. நாடு நாடாப் பிரிச்சு வைச்ச பகுதியில சின்ன மேசையோட நிக்கிறவையைத் தேடு. அதில நிக்கிறவர்தான் கனக்கத் தரம் முதலாளி, அவர்தான் சோல்டரிங் பிடிச்சவர். அவர் உனக்கு அரை மணித்தியாலம் தருவார், ஏனெண்டா அவரிட்டயும் உண்மையான கேள்வி கேக்கிற ஆக்கள் குறைவு

தர்சி: அண்ணா இது நல்லாயிருக்கு. எக்ஸ்பாண்ட் நோர்த் ஸ்டாருக்கும் போகவோ? ஸ்டார்ட்அப் எல்லாம் அங்கதானாம்

ரூபன் அண்ணா: அது துபாய் ஹாபரில, 12 தொடங்கி 15 மட்டும், வேற இடம். ஒரே நாளில ரெண்டுக்கும் போனா ரெண்டிலயும் அரைவாசி. முதலீடு தேடிப் போறதெண்டா அங்க போ எண்டு சொல்லுவன். நீ பெட்டி தேடிப் போறாய். 12 ஞாயிறு நேரம் இருந்தா, உன்ர பாட்ஜுக்கு விடுவினமெண்டா, ஒருக்காப் பாத்திட்டு வா

குமார் சித்தப்பா: தர்சி பழைய பெட்டி ஒண்டு என்னட்ட கிடக்கு. கொண்டு போ

தர்சி: எது சித்தப்பா

குமார் சித்தப்பா: ரெண்டு வருசத்துக்கு முதல் ஒருத்தர் தந்து பூட்டிப் பாத்தது. தண்ணி போகாது எண்டு எழுதி இருந்தது. நாலு மாதத்தில செத்துப் போச்சு. நான் திறந்து பாத்தன். சாஜ் குத்துற ஓட்டையில பச்சையாக் களிம்பு, ஊசி தின்னுப்பட்டுப் போய்க் கிடக்கு. மூடியைச் சுத்திப் போட்ட ரப்பர் வெயிலில காய்ஞ்சு வெடிச்சு, நகத்தால சுரண்டினாத் துகளா வருது. உள்ளுக்க தட்டில வெள்ளை உப்பு

ரூபன் அண்ணா: சித்தப்பா இதுதான் வேணும்!! தங்கச்சி அதைக் கையில கொண்டு போ. ஸ்டோலில நோட்டீஸ் தர வந்தா இந்தப் பெட்டியைத் திறந்து மேசையில வை, இது எங்கட கடலில நாலு மாதம் கிடந்தது, உங்கட பெட்டி எவ்வளவு காலம் கிடக்கும் எண்டு கேள். ஐபி67 எண்டு சொல்லுவினம். அது ஒரு மீற்றர் ஆழத்தில அரை மணித்தியாலம், அதுவும் நல்ல தண்ணியில செய்யிற சோதனை, உப்புக்குப் பேச்சில்லை. கப்பல் கருவியளுக்கு ஐஈசி 60945 எண்டு தரம் இருக்கு, அதில உப்புச் சோதனையும் வரும், அந்தச் சோதனை அறிக்கையைத் தாங்கோ எண்டு கேள். அறிக்கையை உடனே எடுத்துக் காட்டுறவரோட இரு, பேந்து அனுப்புறம் எண்டவருக்கு நன்றி சொல்லிப்போட்டு நட. சாஜ் ஓட்டையே இல்லாமல், மேல சோலார் வைச்சு முழுக்க மூடிச் செய்யலாமோ எண்டும் கேள்

தர்சி: எழுதுறன் எழுதுறன்

ரூபன் அண்ணா: விலை கேக்கேக்க ஒண்டின்ர விலை கேக்காத. ஆகக் குறைஞ்சது எத்தினை எடுக்கோணும் எண்டு முதல் கேள். ஆயிரம் எடுத்தாத்தான் எண்டா உங்களுக்குச் சரிவராது, ஐம்பது குடுப்பியளோ, சாம்பிள் ரெண்டு என்ன விலை எண்டு கேள். சிக்னலுக்கு மாதம் மாதம் காசு கட்டோணுமோ எண்டும் கேள், செட்டிலைட்டில போறதெண்டா அதுதான் பெட்டியின்ர விலையை விடக் கடைசியில கூட வரும். எந்த அலைவரிசையில வேலை செய்யுது எண்டு எழுதி வாங்கு. ரேடியோக் கருவி எண்டபடியா இங்க ரிஆர்சி எண்ட தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின்ர அனுமதி வேணும், சாம்பிள் கொண்டு வாறதெண்டாலும் போக முதல் அவையிட்ட ஒரு சொல்லுக் கேள், இல்லாட்டி கட்டுநாயக்கா எயார்போட்டில பெட்டி நிண்டிடும்

பெரியம்மா: ரூபன் நீ கோல் எடுத்துச் சொன்னா என்ன. வாசிச்சுக் கண் நோகுது

ரூபன் அண்ணா: பெரியம்மா எழுதி வைச்சா அவ அங்க திருப்பி வாசிப்பா. எங்கட ஊரில இருந்து ஒரு பிள்ளை சொந்தக் காசில போகுது, ஒரு நாளும் வீணாப் போகக்கூடாது எண்டுதான்

பெரியம்மா: அது சரி. எழுது எழுது

சுகி அக்கா: வெள்ளிக்கிழமையாவது கடைக்குப் போகலாம்தானே

ரூபன் அண்ணா: சுகி வெள்ளிக்கிழமை முக்கியம். 2022 இல இருந்து அங்க வெள்ளி அரை நாள் வேலை, மத்தியானம் தொழுகை, அதோட சனம் குறையும், ஸ்டோல்காரர் கட்டத் தொடங்குவினம். காட்சிக்கு வைச்ச சாமானைத் திருப்பி அனுப்பக் காசு எண்டு சிலர் அங்கயே மலிவாக் குடுத்திட்டுப் போவினம். முதல் நாலு நாளும் கதைச்சுப் பழகின ஆளிட்டத்தான் அப்பிடிக் கேக்கலாம். அதால தர்சி வெள்ளி காலமை நேர அவையிட்டப் போகோணும். கடை பின்னேரம்

சுகி அக்கா: பின்னேரம் காணும் 😊

ரூபன் அண்ணா: இன்னும் ஒண்டு. ஒவ்வொருத்தரோடயும் கதைச்சு முடிய அடுத்த ஸ்டோலுக்குப் போகாத. ஒரு சுவரோட நிண்டு அவரின்ர விசிட்டிங் காட்டுக்குப் பின்னால என்ன சொன்னார், நீ என்ன அனுப்புறன் எண்டனி, அதை மட்டும் எழுது. அவரையும் பெட்டியையும் சேத்து ஒரு படம் எடு. இரவு படுக்க முதல் அந்தப் படத்தோட ரெண்டு வரி அவருக்கு அனுப்பு, கிழமை முடிய அனுப்புவம் எண்டா ஆயிரம் பேருக்குள்ள நீ ஆர் எண்டு அவருக்கு நினைவிராது. பழகின சப்பாத்துப் போடு, புதுசு வேண்டாம். வெளியில வெக்கை, உள்ளுக்க ஏசிக் குளிர், சுவெட்டர் வேணும்

அம்மா: சுவெட்டர் நான் வைக்கிறன்

தர்சி: பவர் பாங்க் கொண்டு போகலாமோ அண்ணா, எமிரேட்ஸ்

ரூபன் அண்ணா: ஒண்டுதான், 100 வாட்-அவருக்கு (Wh) குறைவா, கைப் பைக்குள்ள. இந்த மாதம் 1 ஆம் திகதியில இருந்து பிளேனுக்குள்ள பாவிக்க விடாயினம், போனை இங்கயே நிறைச்சுக்கொண்டு ஏறு

ராசன் மாமா சார்ஜா: ஏத்த ஆர் வருகினம்? இறங்கிறது நான் பாப்பன்

குமார் சித்தப்பா: கட்டுநாயக்கா மட்டும் வான் பிடிக்கலாம். இல்லாட்டிக் கொழும்பு பஸ்ஸில ஏத்தி விடுறன்

அம்மா: பஸ் வேண்டாம்

தர்சி: வான் கூலி கூட அம்மா

குமார் சித்தப்பா: நாளைக்குக் கதைப்பம். பழைய பெட்டியைக் காலமை கொண்டு வாறன், நீ வீட்டிலதானே

தர்சி: ஓம் சித்தப்பா. அண்ணா நாளைக்கு பதினைஞ்சையும் எடுத்து உங்களுக்கு அனுப்புறன், பாத்துக் கழிச்சுத் தாங்கோ

ரூபன் அண்ணா: இரவு எந்த நேரமெண்டாலும் அனுப்பு

பெரியம்மா: ராசன் அப்பான்ர திவசத்துக்கு நீ காசு அனுப்புறியோ இல்லையோ

ராசன் மாமா சார்ஜா: எந்த நாள் எண்டு முதல் சொல்லுங்கோ அக்கா

பெரியம்மா: ஐயர் போன் எடுக்கேல்ல

சின்னம்மா மட்டக்களப்பு: தர்சியோ போறது?? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல