உடைந்த ஆத்தங்குடிக் கற்களில் ஒரு சுவர்ச் சித்திரம்: உதவி வேண்டும்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை இடிக்கிறார்கள். தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் வழக்கம்போல வியாபாரிகளிடம் போய்விட்டன. தரையில் பதித்திருந்த வண்ணப் பூக்கற்களான ஆத்தங்குடிக் கற்களில் உடைந்தவற்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் எங்களுக்கே தந்துவிட்டார். ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து அவற்றை ஊருணிக் கரைச் சுவரில் சித்திரமாகப் பதிக்க ஆசை. சண்டிகரில் நேக் சந்த் இடிபாடுகளையும் பீங்கான் துண்டுகளையும் வைத்து உருவாக்கிய பூங்கா 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டதே, அது தந்த தைரியம்தான்.

சிக்கல் இதுதான். இந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடியின் மேல் நிறக்கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. அமிலம் பட்டால் மேற்பரப்பு அரித்துவிடும். அப்படியானால் பின்னால் ஒட்டியிருக்கும் பழைய காரையை எப்படி எடுப்பது? வெயிலிலும் மழையிலும் நிறம் நிற்க மேலே ஏதாவது பூசலாமா? பதிக்கச் சுண்ணாம்பா, சிமெண்டா? நான் சுண்ணாம்புப் பக்கம்தான். பின்னாளில் ஒரு துண்டை மாற்ற வேண்டுமென்றால், பக்கத்துக் கல் உடையாமல் எடுக்கலாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், இப்படி ஒரு வேலைக்கு ஊராட்சியில் ஒப்புதல் வாங்கியவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.