நடிக்கிறான்னு நெனச்சு இன்னொரு தடவை இழுத்தேன்

பப்பு அம்மா, அண்ணா நகர்

எங்க பப்பு பொமரேனியன் நாய், 9 வயசு. அந்த வாத்துக் கத்தல் இருமல் இங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும், விவரிக்கப் போறதில்ல. போன மார்கழியில ஒரு காலைல பால் வண்டி வந்துச்சு. பப்புவுக்கு அந்த வண்டியே ஆகாது. பாய்ஞ்சான், கழுத்து பெல்ட்டைப் புடிச்சு இழுத்தேன், நின்னு இரும ஆரம்பிச்சான். கழுத்தை நீட்டி, முன்காலை அகட்டி வச்சுக்கிட்டு. வீட்டுக்குத் திரும்பணும்னாலே இவன் ஏதாவது பண்ணுவான், அதனால "நடிச்சது போதும் வாடா"ன்னு இன்னொரு தடவை இழுத்தேன். கோலம் போட்டுக்கிட்டிருந்த எதிர்வீட்டம்மாதான் "ஏம்மா, அது நாக்கைப் பாரு"ன்னாங்க. நாவப்பழம் தின்ன மாதிரி இருந்துச்சு.

மூச்சுக்குழாய் தளர்ந்திருக்குன்னார் டாக்டர். குழாயைத் தாங்குற குருத்தெலும்பு முழு வளையம் இல்லையாம், லாடம் மாதிரி ஒரு பக்கம் திறந்திருக்குமாம். வளையம் வலுவிழந்து தட்டையாகி, அந்தப் பக்கத்துச் சவ்வு தொய்ஞ்சு உள்ளே விழுது. பெல்ட் இந்த நோயைக் கொண்டுவரல, ஆனா ஒவ்வொரு இழுப்பும் நேரா அங்கதான் போய் விழுதுன்னார். அன்னைக்கே ஹார்னஸ், அதான் கழுத்துல இல்லாம நெஞ்சைச் சுத்தி மாட்டுற வார், வாங்கியாச்சு. இருமல் நல்லா குறைஞ்சிருச்சு. அந்த ரெண்டாவது இழுப்புதான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தா சொல்லுங்க.

கரிசக்காட்டான்

அக்கா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா இதைப் படிச்சிட்டு எல்லாரும் பெல்ட்டைத் தூக்கி எறிஞ்சிராதீங்க. எங்கிட்ட இருக்கது சிப்பிப்பாறை வேட்டை நாய். ஒருத்தர் பேச்சைக் கேட்டு ஹார்னஸ் மாட்டி, சாத்தூர்ல நாலுவழிச் சாலை ஓரமா கூட்டிட்டுப் போனேன். லாரிக்காரன் ஏர் ஹார்ன் அடிச்சான். முன்னால பாய்ஞ்சிருந்தா புடிச்சிருப்பேன். இது அப்படியே பின்னால நகர்ந்து, ரெண்டு காலையும் உருவிக்கிட்டுப் போயிருச்சு. என் கையில வெறும் வாரு, நாய் நடுரோட்டுல நிக்கு. பஸ்காரர் பிரேக் போட்டார், அவரு புள்ளகுட்டி நல்லா இருக்கணும்.

இந்த நாய்க்குத் தலை கழுத்தை விட ஒடுக்கம், நெஞ்சு ஆழம், இடுப்பு ஒண்ணுமில்ல. கடையில விக்கிற ஹார்னஸ் எதுவும் இதுக்குத் தச்சதில்ல. நான் திரும்பவும் அகலத் தோல் பட்டைக்கே வந்துட்டேன். இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார், தஞ்சை

என் லாப்ரடார் 41 கிலோ. சித்திரை மாதம் காலை பத்து மணிக்கு அழைத்துப் போய், பெரிய கோயில் அகழியோரம் அது இருமி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

தம்பி கரிசக்காட்டான் சொல்வதில் பாதி சரி. தவறு ஹார்னஸில் இல்லை, அளவில். நெஞ்சுப் பட்டை நெஞ்செலும்பின் மேல் உட்கார வேண்டும், தொண்டைக் குழியில் ஏறக் கூடாது. அக்குளை ஒட்டி உரசவும் கூடாது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழைந்தால் தளர்வு. உருவிக்கொள்ளும் நாய்க்கு இடுப்பருகே இன்னொரு வார் உள்ளது கிடைக்கிறது. இல்லையேல் கழுத்துப் பட்டையையும் ஹார்னஸையும் சிறு கொக்கியால் இணைத்து விடலாம். இழுக்கிற நாயை எதிர்த்து இழுக்காதீர்கள், நின்றுவிடுங்கள். வார் தளர்ந்ததும் நடங்கள். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும், அந்த நேரத்தில் தொண்டையை நெரித்தால் என்ன ஆகும்? வீட்டில் கொசுவர்த்தி, சாம்பிராணி வேண்டாம். நாம் குடிக்கும் இருமல் டானிக்கைத் தொடவே கூடாது. வயதான நாய் இரவிலும் இருமினால் கழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், இதயத்தையும் பாருங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 மூச்சுக்கு மேல் போனால் மருத்துவரிடம் போக வேண்டும். எடை பற்றித் தனியாக எழுதுகிறேன்.

வேளச்சேரி பொண்ணு

சார், தனியா எழுத வேணாம், ப்ளீஸ்.

எனக்கு நடந்தது வேற. திருச்செந்தூர் போறதுக்காக நாலு நாள் எங்க நாயை, நாய்களைப் பாத்துக்குற ஒரு இடத்துல விட்டுட்டுப் போனோம். கூட்டிட்டு வந்த அஞ்சாவது நாள் வாக்கிங்ல வறட்டு இருமல், கடைசியில குமட்டி நுரையா கக்குது. எலும்பு மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு நடுத்தெருவுல உட்கார்ந்து வாய்க்குள்ள கையை விட்டுத் தேடினேன். ஆளுங்க கூடிட்டாங்க, ஒருத்தர் வாழைப்பழம் கொடுக்கச் சொல்றார். ஒண்ணும் கிடைக்கல. அப்புறம் யாரோ "பெல்ட்தான் காரணம்"னாங்க. ஹார்னஸ் மாத்தி, ஆறு நாள் அதே தெருவுல சந்தோஷமா கூட்டிட்டுத் திரிஞ்சேன்.

கடைசியில பாத்தா அது கென்னல் காஃப், ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஒட்டுறது. கீழ்வீட்டு நாய்க்குட்டிக்கு இன்னும் தடுப்பூசியே முடியல, அதுக்கும் வந்து சளி நெஞ்சுல இறங்கிருச்சு. பிழைச்சிருச்சு. ஆனா அந்த ஆன்ட்டி இப்ப என்கூட லிஃப்ட்ல ஏறுறதில்ல. திடீர்னு வர்ற இருமலுக்கு முதல்ல வாக்கிங்கை நிறுத்துங்க, பெல்ட் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.

கரிசக்காட்டான்

வாத்தியாரய்யா, கொக்கி யோசனை நல்லாருக்கு, செஞ்சு பாக்கேன். 41 கிலோவுக்கு யாரு சோறு போட்டான்னு நான் கேக்கல.

பக்கோடா (பக் வளர்ப்பவன்)

அக்கா, எக்ஸ்ரேல உடனே தெரிஞ்சுதா? எங்களுக்கு நார்மல்னு வந்துச்சு, ஆனா இருமல் நிக்கல.

பப்பு அம்மா, அண்ணா நகர்

தம்பி, எங்களுக்கும் முதல் படத்துல ஒண்ணும் தெரியல. மூச்சு இழுக்கும்போது ஒண்ணு, விடும்போது ஒண்ணுன்னு ரெண்டு எடுத்தப்பதான் குழாய் ஒடுங்குறது தெரிஞ்சுது. கேட்டு எடுங்க. பக்குக்கு மூக்கு, அண்ணப் பிரச்சினையும் இருக்கும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

வாத்தியார் சார், எடை 6.8லேர்ந்து 5.4 ஆக்கியாச்சு. இட்லியை நிறுத்தினதுல. வீட்டுக்காரர் இன்னும் ஒளிச்சுப் போடுறார்னு சந்தேகம். பால் வண்டி ஆறு மணிக்கு வருது, நாங்க இப்ப ஆறு இருபதுக்குக் கிளம்புறோம்.