இங்கிலீஷ் வார்த்தை மண்டையில் நிற்க என்ன பண்ணணுங்க?

அவிநாசி_ரோடு:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர், சேர்ந்து எட்டு மாசம். போன வாரம் சரக்கு வாங்குகிற பையருக்கு மெயில் போடும்போது 'துணி டையிங்கில் இருக்கிறது' என்று எழுதினேன், dyeing நடுவில் ஒரு 'இ' (e) விட்டுப்போய் dying ஆகிவிட்டது. 'துணிக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று பதில் வந்தது, அதை மேனேஜர் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி படித்துக் காட்டிவிட்டார். தினமும் 20 சொல், ஒவ்வொன்றுக்கும் ஐந்து சினானிம் என்று நோட்டுப் போட்டு மனப்பாடம் செய்துதான் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் மறந்துவிடுகிறது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கண்ணா.

சாயப்பட்டறை:
வெட்கப்படாதீங்க தம்பி. சாமுவேல் ஜான்சன் 1755ல் போட்ட அகராதியிலேயே சாவதற்கும் சாயம் ஏற்றுவதற்கும் ஒரே ஸ்பெல்லிங்தான், பிரித்து எழுதும் வழக்கம் அப்புறம்தான் நிலைத்தது. துணி மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நெருப்பில் பொசுக்குகிறோமே சிஞ்சிங், அதிலும் இதே கதை. 'இ' விட்டால் துணி பாட ஆரம்பித்துவிடும்.

கோபி_டீச்சர்:
சினானிம் என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம் என்று நினைப்பதுதான் தொல்லை. விலை குறைவு என்று சொல்ல 'சீப்' என்று எழுதினால் சரக்கே மட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள், 'எகனாமிக்கல்' என்றால் அந்த வம்பு இல்லை. சோறு, அன்னம் இரண்டும் ஒன்றுதான், அதற்காகக் கோயிலில் சோறுதானம் என்று போர்டு வைப்போமா? பட்டியலை விடுங்க, அந்தச் சொல் வருகிற மாதிரி உங்கள் வேலையைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதுங்க. ஒரு நாளைக்கு மூணு போதும்.

ஸ்டென்டர்_ஆபரேட்டர்:
ஏனுங்க, இடியம், அதான் மரபுத்தொடர், அதை விட்டுட்டீங்களே. நிறைய நம்ம தொழிலில் பிறந்ததுங்க. 'ஸ்பின் எ யார்ன்' என்றால் கதை விடுவது, நம்ம கயிறு திரிக்கிறதேதான். 'டைடு இன் த வுல்' என்றால் ஊறிப்போன ஆள், நூற்பதற்கு முன்னாலேயே கம்பளிக்குச் சாயம் ஏற்றினால் லேசில் போகாது பாருங்க. எங்கள் ஸ்டென்டர் மெஷின் துணியின் இரண்டு ஓரத்தையும் பின்னில் குத்தி இழுத்துப் பிடித்துக்கொண்டே காயவைக்கும். அந்தக் காலத்தில் இதையே மரச்சட்டத்தில் கொக்கி போட்டுச் செய்தார்கள், சட்டத்துக்குப் பெயர் டென்டர். 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' என்றால் என்ன ஆகுமோ என்று இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. ஷிப்மென்ட் நாளில் நாமெல்லாம் அந்தக் கொக்கியில்தான்.

அவிநாசி_ரோடு:
டீச்சர், சோறுதானம் இந்த ஜென்மத்துக்கு மறக்காது. அண்ணா, அந்த மெஷின் ஓடும்போது ஒரு நாள் வந்து பார்க்கலாமுங்களா?

ஸ்டென்டர்_ஆபரேட்டர்:
வாங்க தம்பி, நைட் ஷிப்ட்தான். ஏசி ரூமிலிருந்து வர்றீங்க, சூடு தாங்குமான்னு மட்டும் பார்த்துக்குங்க.