மேடையில் கை நடுங்குகிறது, மனம் அலைகிறது: வாசிக்கும்போது கவனத்தை எங்கே நிறுத்துவது?

கேள்வி (வயலின் மாணவர்):

சில ஆண்டுகளாக வயலின் பயின்று வருகிறேன். தனியாகச் சாதகம் (பயிற்சி) செய்யும்போது தடையின்றி வரும் உருப்படிகள் (இசைப் படைப்புகள்), மேடையில் ஏறியதும் கட்டுக்குள் நிற்பதில்லை. விரல்கள் சில்லிட்டுப் போகின்றன. வில்லை மெதுவாக இழுக்க வேண்டிய நீண்ட சுரங்களில் வலக்கையின் நடுக்கம் ஒலியிலேயே தெரிந்துவிடுகிறது. அதைவிட என்னை வருத்துவது மனத்தின் போக்கு. முன்வரிசையில் இருக்கும் ஒருவரின் முகத்தைப் பார்த்து, அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று எண்ணத் தொடங்கினால், அடுத்த வரி எது என்பதே சில கணங்கள் மறந்துபோகிறது. நடுக்கத்தைக் குறைக்கவும் கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன். இதற்கென மாத்திரை எடுத்துக்கொள்பவர்களும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியான வழியா?

மறுமொழி 1 (வாய்ப்பாட்டு ஆசிரியர்):

முதலில், இது திறமைக் குறைவின் அடையாளம் அன்று என்பதை உறுதியாக நம்புங்கள். பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை பொதுமேடையில் வாசிக்கவே இல்லை. பாடகி பார்பரா ஸ்ட்ரைசான்ட் 1967-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பாடியபோது வரிகள் மறந்துபோனதால், அதன் பிறகு பல்லாண்டுகள் பெரிய மேடைகளைப் பெரும்பாலும் தவிர்த்துவந்தார்.

பதற்றம் தொடங்கியதும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, தசைகள் இறுகுகின்றன, விரல்நுனிகளுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. எங்களைப் போன்று பாடுபவர்களுக்கு வாய் உலர்ந்து, மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடுகிறது. மேடை ஏறுவதற்கு முன் சில நிமிடங்கள், மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தைவிட வெளிவிடும் நேரம் நீளமாக இருக்குமாறு பழகுங்கள். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். பதற்றத்தில் பலரும் இதற்கு மாறாக வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுத்துத் தலைசுற்றலை வரவழைத்துக்கொள்கிறார்கள். கைகளை வெதுவெதுப்பான நீரிலோ கையுறையிலோ சூடாக வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியின் வரிசை உங்கள் கையில் இருந்தால், நீண்ட சுரங்கள் நிறைந்த உருப்படியை முதலில் வைக்காதீர்கள். பெரும்பாலோருக்கு நடுக்கம் தொடக்க நிமிடங்களில்தான் மிகுதியாக இருக்கும்.

மறுமொழி 2 (பியானோ வாசிப்பவர்):

மூச்சுப் பயிற்சி நல்லதே. ஆனால் முழு அமைதி வந்தால்தான் நன்றாக வாசிக்க முடியும் என்று காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. துடிக்கும் இதயத்தை அடக்கப் போராடுவதே தனியொரு கவலையாக மாறிவிடும். ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கு முன் ‘நான் உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள், ‘நான் பதற்றமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிடத் துல்லியமாகப் பாடினார்கள். இரு நிலைகளிலும் உடல் கிளர்ந்துதான் இருக்கிறது. அதை எப்படிப் பொருள்கொள்கிறோம் என்பதுதான் மாறுகிறது.

கவனத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. மேடையில் கவனம் தவறிப் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று நீங்கள் குறிப்பிட்ட ரசிகரின் முகம். மற்றொன்று, நல்ல பழக்கம்போலத் தோன்றுவதாலேயே கூடுதல் ஆபத்தானது: சொந்த விரல்கள். நெடுநாள் சாதகத்தால் தானாக நிகழத் தொடங்கிவிட்ட அசைவை, ‘இப்போது மூன்றாம் விரல், இப்போது வில்லின் திருப்பம்’ என்று நடுவில் கண்காணிக்கத் தொடங்கினால், படிக்கட்டில் இறங்கும்போது ஒவ்வொரு காலடியையும் எண்ணிப் பார்ப்பவரைப் போலத் தடுமாறுவோம். விரல்களைப் பற்றிய சிந்தனையெல்லாம் சாதக அறையோடு முடிய வேண்டும். மேடையில் மனம் ஒலியில் இருக்கட்டும். அதுவும் வாசித்து முடித்த ஒலியில் அன்று, அடுத்து வரவிருக்கும் வரியில். அதை உள்ளுக்குள் பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு, முன்வரிசையைப் பற்றி எண்ண இடமே இருக்காது.

வரி மறந்துபோவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். விரலின் பழக்கத்தை மட்டும் நம்பி மனப்பாடம் செய்த உருப்படி, ஓரிடத்தில் அறுந்தால் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியதாகிவிடும். உருப்படியைப் பல பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதியிலிருந்தும் உடனே தொடங்கப் பழகுங்கள். வயலினைத் தொடாமல், கண்ணை மூடிக்கொண்டு முழு உருப்படியையும் மனத்துக்குள் கேட்டுப் பாருங்கள்; எங்கே மங்குகிறதோ, அங்கேதான் மேடையிலும் அறுந்துபோக வாய்ப்பு அதிகம்.

மறுமொழி 3 (இசைக்குழுவில் வாசிக்கும் மருத்துவர்):

மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இசைக்கலைஞர்கள் சிலர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் புரோப்ரனலால் என்னும் மருந்து. அது அட்ரினலினின் தாக்கத்தைத் தடுத்து, இதயப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கிறது. அலையும் மனத்தை ஒருமுகப்படுத்தித் தராது, மறந்த வரியையும் நினைவூட்டாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுத்திணறலை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எனவே நண்பரிடம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். மருத்துவர் உங்களைப் பரிசோதித்துப் பரிந்துரைத்தாலும், முதன்முறையாக நிகழ்ச்சி நாளன்று எடுத்துப் பார்க்கக் கூடாது.

வயலின் மாணவர்:

மூவருக்கும் நன்றி. மாத்திரையைப் பற்றிய எண்ணத்தை விட்டுவிடுகிறேன். இன்னும் ஓர் ஐயம்: எவ்வளவு பழகினாலும் மேடையில் பிசகு நேரத்தான் செய்யும். நேர்ந்த கணத்தில் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 2 (பியானோ வாசிப்பவர்):

தாளத்தை மட்டும் விடாதீர்கள். தவறிய ஒரு சுரத்தைக் கேட்பவர்களில் பலர் கவனிப்பதே இல்லை; அதைத் திருத்துவதற்காக நின்று மறுபடி வாசித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விட்ட இடத்தைத் தேடாமல், அடுத்த பகுதியின் தொடக்கத்துக்குத் தாளம் பிசகாமல் சென்றுசேருங்கள். முன்பு சொன்ன பகுதிப் பயிற்சி இங்குதான் கைகொடுக்கும். முகம் சுளிக்காமல் இருப்பதையும் பழக வேண்டும்.

இவற்றையெல்லாம் நிகழ்ச்சி நாளில் முதன்முதலாக முயன்றால் பயனில்லை. வீட்டிலேயே, மேடையில் அணியும் உடையோடு, பதிவுக்கருவியை ஓடவிட்டு, என்ன பிசகினாலும் நிறுத்துவதில்லை என்ற உறுதியோடு ஒரே முறை முழுவதுமாக வாசியுங்கள். படிகளில் ஏறி இறங்கி, இதயம் விரைந்து துடிக்கும்போதே வில்லை எடுத்து நீண்ட சுரங்களை இழுத்துப் பாருங்கள். பிறகு ஓரிருவர் முன்னிலையிலும், அடுத்து இன்னும் சிலர் முன்னிலையிலும் வாசித்துப் பழகினால், மேடையில் உடல் படபடக்கும்போது அந்த நிலை உங்களுக்குப் புதிதாக இராது.