வெட்டிய சவுக்குக் கிளை புத்தாண்டு வரை பச்சையாக நிற்குமா?

காட்பாடி மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸுக்குப் பிளாஸ்டிக் ட்ரீ வேண்டாம், நிஜ மரம்தான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்ததால் போன வருடம் ஆளுயரச் சவுக்குக் கிளை ஒன்று வாங்கினோம், டிசம்பர் 10 வாக்கில். பெயின்ட் பக்கெட்டில் மணல் கொட்டி நட்டு முதல் நாள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ், பலகாரம், துணி எடுப்பது என்று ஓடிக்கொண்டிருந்ததில் அதன் பக்கம் போகவே இல்லை. 20-ம் தேதிக்குள் பழுப்பாகிவிட்டது, ஃபேன் போட்டால் ஹால் முழுக்கக் கொட்டியது. பண்டிகைக்கு முந்தின நாள் அதைத் தூக்கி மாடியில் போட வேண்டியதாயிற்று. சின்னவள் அன்று அழுத அழுகை இன்னும் மனதில் இருக்கிறது.

இந்த வருடம் ஜனவரி 1 வரையாவது நிற்க வேண்டும். சர்க்கரை போடு, ஆஸ்பிரின் போடு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அடியைக் கூராகச் சீவி நட்டால் ஆடாது என்கிறார் என் வீட்டுக்காரர். எதைச் செய்வது?

ஆற்காடு தோப்பு:

தங்கச்சி, நாங்கள் சாரக்கட்டைக்கும் காகித ஆலைக்கும் சவுக்கு போடுகிறவர்கள், அதனால் சொல்கிறேன். கடையில் சாய்த்து வைத்திருக்கும் கிளை எப்போது வெட்டியது என்று விற்கிறவருக்கே தெரியாது. வெட்டி வெயிலில் அரை நாள் கிடந்தாலே வெட்டுவாய் காய்ந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் சரியாகக் குடிக்காது. வாங்கும்போது லேசாக உலுக்கிப் பாருங்கள், பொலபொலவென்று கொட்டினால் விட்டுவிடுங்கள். முடிந்தால் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிற யாரிடமாவது சொல்லி 20, 21-ம் தேதி விடியற்காலையில் வெட்டி, அடியில் ஈரச் சாக்கு சுற்றி எடுத்து வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அடியில் ஒரு அங்குலம் ரம்பத்தால் நேராக அறுத்துவிட்டு உடனே தண்ணீரில் வைக்க வேண்டும்.

கூராகச் சீவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஏறுவது பட்டைக்கு உள்பக்கத்தில் இருக்கிற வெளிவளைய மரத்தில்தான், அதைச் சீவி எறிந்துவிட்டால் கிளை எதைக்கொண்டு குடிக்கும்? ஆடாமல் இருக்க நாலு பக்கமும் செங்கல் துண்டு அடைத்து, நடுத்தண்டை ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு போட்டுக் கட்டுங்கள்.

ராணிப்பேட்டைக்காரன்:

அக்கா, நான் இப்போது இருப்பது நார்த் கரோலினா. இங்கே மலைப்பக்கம் ஃப்ரேசர் ஃபர் என்கிற மரத்தைக் கிறிஸ்துமஸுக்கென்றே பண்ணை பண்ணையாக வளர்க்கிறார்கள், நன்றாகத் தண்ணீர் வைத்தால் ஒரு மாதம்கூடப் பச்சையாக நிற்கும். இங்கே எல்லோரும் சொல்கிற கணக்கு ஒன்றுதான்: அடிமரத்தின் விட்டம் எத்தனை அங்குலமோ, ஒரு நாளைக்கு ஏறக்குறைய அத்தனை லிட்டர் தண்ணீர். நாலு அங்குல மரம் என்றால் ஸ்டாண்டில் நாலு லிட்டர் பிடிக்க வேண்டும். வெட்டுவாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கவே கூடாது, இறங்கினால் அங்கே பிசின் கட்டி அடைத்துக்கொள்ளும். வெட்டிய ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தண்ணீரில் வைத்துவிட வேண்டும், தாமதமானால் மறுபடி அறுக்க வேண்டும். சர்க்கரையும் வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம், மரம் வளர்க்கிறவர்களே வெறும் குழாய்த் தண்ணீர் போதும் என்கிறார்கள்.

இங்கே ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் மரம் காய்ந்துவிடும். நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது ஃபேனும் மேற்கு ஜன்னல் வெயிலும்தான், இரண்டுக்கும் தள்ளி ஒரு மூலையில் வையுங்கள். எனக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ் என்றால் சவுக்கு வாசனைதான். குச்சியை ஒரு கணுவில் கழற்றி மறுபடி சொருகி, எங்கே உடைந்திருக்கிறது சொல் என்று விளையாடுவோமே, அதை இங்கே என் பிள்ளைகளுக்குக் காட்டக்கூட வழியில்லை.

வாணியம்பாடி வாத்தியார்:

தம்பி சொன்னதில் பிசின் விஷயம் மட்டும் சவுக்குக்குப் பொருந்தாது. சவுக்கு பைன், ஃபர் கூட்டமே இல்லை, அது பூக்கும் தாவரம். ஊசி இலை என்று நாம் நினைப்பது உண்மையில் பச்சைக் குச்சி. ஒவ்வொரு கணுவிலும் பல்வரிசை மாதிரி குட்டிக் குட்டியாக வளையமாக ஒட்டியிருக்கிறதே, அதுதான் இலை. பிள்ளைகள் கையில் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அசந்துபோவார்கள்.

சவுக்கில் அடைப்பது காற்றுக்குமிழியும் பழைய தண்ணீரில் வளர்கிற பாக்டீரியாவும்தான். அதனால் கடைசி அறுப்பை ஒரு டப் தண்ணீருக்குள் அடியை மூழ்கவைத்தபடியே அறுத்தால் குழாய்களுக்குள் காற்று போகாது. கொஞ்சம் சிரமம்தான், இரண்டு பேர் வேண்டும், ஆனால் பலன் நன்றாகத் தெரியும். சர்க்கரை போட்டால் அந்தப் பாக்டீரியாவுக்குத்தான் சாப்பாடு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

பாகாயம் சிஸ்டர்:

எல்லோரும் தண்ணீர் தண்ணீர் என்கிறீர்கள், கொசுவை யாரும் சொல்லவில்லை. மழை விட்டும் விடாமலும் இருக்கிற மாதம் இது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு இந்த மாதிரி வீட்டுக்குள் தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடுகிற இடத்தில் திறந்த பக்கெட் வைக்காதீர்கள்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். மணலுக்குப் பதில் ஜல்லி போட்டு நட்டு, பக்கத்திலேயே ஒரு துண்டு பிவிசி பைப்பை நிமிர்த்திச் சொருகிவிடுவோம். தண்ணீர் ஊற்றுவதும் அதில்தான், குச்சி விட்டு அளவு பார்ப்பதும் அதில்தான். மணல் என்றால் மேலே ஈரமாகத் தெரியும், அடியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடியாது. பக்கெட் வாயைப் பழைய கொசுவலைத் துணியால் சுற்றிக் கட்டி, பைப் வாயில் துணி அடைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பக்கெட்டின் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். கழுவும்போது கிளையின் அடியை வேறொரு பாத்திரத் தண்ணீரில் வைத்துவிடுங்கள்.

தொரப்பாடி வயரிங்:

ஒன்றே ஒன்று. காய்ந்த சவுக்கு மிலாறு எப்படிப் பற்றும் என்று விறகடுப்பு எரித்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மெழுகுவர்த்தியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பழைய குண்டு பல்பு சீரியல் செட் சூடாகும், எல்இடி செட் போடுங்கள், ஒயரில் எங்காவது தோல் உரிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் பிளக்கில் சொருகுங்கள். தூங்கப் போகும்போது கட்டாயம் அணைக்க வேண்டும். தொட்டால் மொறுமொறுவென்று உதிர ஆரம்பித்ததும், புத்தாண்டு வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

காட்பாடி மாடிவீடு:

இன்று டிசம்பர் 29, வந்து சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆற்காடு அண்ணன் சொன்னபடியே 21-ம் தேதி காலையில் வெட்டி வாங்கி, டப்பில் அடியை முக்கி இவர் அறுக்க நான் பிடித்துக்கொண்டேன். அடி இரண்டு அங்குலம் இருக்கும். முதல் நாள் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்துவிட்டது, எனக்கே நம்ப முடியவில்லை. இப்போது குறைந்துவிட்டது, நுனியில் அங்கங்கே மஞ்சள் தட்டியிருக்கிறது, மற்றபடி பச்சைதான், பெருக்கினால் ஒரு கைப்பிடிகூடத் தேறுவதில்லை. ஃபேனை அந்த மூலைக்கு மட்டும் நிறுத்திவிட்டோம். சிஸ்டர் சொன்ன பைப் ரொம்ப உதவி, தினமும் காலையில் எழுந்ததும் சின்னவள்தான் குச்சி விட்டு அளக்கிறாள். இன்று இரண்டு விரல் இறங்கியிருந்தது, அவளே சொம்பில் கொண்டுவந்து ஊற்றினாள்.